களவுபோன நிறந்தின்னி

அரும்பகம் ஆய்வகத்தின் உள்ளறைக்குள் ஒரு பேனாவைக் கொண்டுபோவதென்றாலும் அதை நீராவியில் வேகவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தின் வாசல்வரை சந்தனம் எப்படிப் போனது என்று கேட்டால் பல பெரிய மனிதர்கள் வாயைப் பிளப்பார்கள். அவர்களில் ஒருவராவது ஆயுத பூஜை கொண்டாடாத ஆபீஸில் வேலை பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

உள்ளறைக்கு முந்தைய உடை மாற்றும் அறையில், சுவரில் ஒரு காற்றழுத்த மானி இருந்தது. மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைத்தாயிற்று, குளிர்ப்பெட்டிக்கு வைத்தாயிற்று, ஜெனரேட்டருக்கு மாலையே போட்டாயிற்று. மானி மட்டும் என்ன பாவம் செய்தது என்று யாரோ அதற்கும் வைத்தார்கள். வைத்தது யார் என்று இப்போது கேட்டால் யாருக்கும் நினைவில்லை. இயக்குநர் பூசணிக்காய் உடைத்தார், எல்லோரும் பொரியும் கடலையும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மானிக்குக் கீழே ஒரு சின்னத் துளை. அதன் வழியாகத்தான் அது அறைக் காற்றை அறியும். உள்ளே இருக்கும் காற்று வெளியே வரக் கூடாது, வெளிக்காற்றுதான் உள்ளே போக வேண்டும். அப்படிப் போகிறதா என்று முள் காட்டும். பொட்டு வைத்தவருக்குக் கை கொஞ்சம் தாராளம். சந்தனம் துளையை அடைத்துக் காய்ந்தது, முள்ளும் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் எப்போதோ கூரைமேல் இருந்த உறிஞ்சு விசிறி செத்துப்போனது. முள்தான் எல்லாம் சரி என்று காட்டுகிறதே, யார் மேலே ஏறிப் பார்ப்பார்கள்?

பார்த்தவள் சம்யுக்தா. அங்கே மூத்த விஞ்ஞானி. ஒருநாள் காலை கதவைத் திறந்தபோது முள் துளிகூட அசையாதது அவளுக்கு உறுத்தியது. கதவு திறந்தால் அது கொஞ்சமாவது ஆட வேண்டும். தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்துச் சந்தனத்தைச் சுரண்டினாள். முள் சட்டென்று பூஜ்யத்தில் போய் விழுந்தது. அப்படியென்றால் உள்காற்று எத்தனையோ நாளாக வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

உள்ளே இருந்தது நிறந்தின்னி. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, அதைச் சொல்லி அழைத்தவர் யாருமில்லை. சாயப்பட்டறைக் கழிவுநீரில் இருக்கும் நிறத்தைத் தின்று தீர்க்கும்படி சம்யுக்தாவும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கிய பாக்டீரியா அது. கறுப்பாகப் போகும் ஓடை தெளிந்த தண்ணீராக ஓடும் என்று மந்திரி வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். ஆனால் எலிகளிடம் சோதித்தபோது ஒரு சங்கடம் தெரிந்தது. நிறந்தின்னி சாயத்தோடு நிற்கவில்லை. கண்ணின் பின்புறத்தில் இயற்கை பூசி வைத்திருக்கும் கருநிறத்தையும் தின்றது. எலிகள் முதலில் வெளிச்சத்தைக் கண்டு கூசின. பிறகு எதைக் கண்டும் கூசவில்லை. அதனால்தான் அதை உள்ளே பூட்டி வைத்திருந்தார்கள்.

பாதுகாப்பு அதிகாரி பார்த்திபனிடம் ஓடினாள். அவர் நல்ல மனிதர், யார் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆளாக நிற்பவர். அவள் பேச ஆரம்பித்ததுமே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"மேடம், நீங்க சொன்னது எனக்குக் கேக்கலீங்க. கேட்டுட்டன்னா நான் தெரிஞ்சவன் ஆயிருவேன். தெரிஞ்ச நிமிசத்துல இருந்து பொறுப்பு என்ற தலைமேலதானுங்க. விசிறியை மாத்திடறேன். சந்தனத்தைத் தொடச்சிடறேன். அதோட விட்டுருங்க."

விசிறி மாறியது. சந்தனம் துடைக்கப்பட்டது. சம்யுக்தாவும் விட்டுவிடத்தான் பார்த்தாள். அவளொன்றும் போராளி இல்லை. வெளியே போன காற்று காற்றோடு கலந்திருக்கும், நிறந்தின்னிக்கு வெளியே உயிர்வாழத் தெம்பிருக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அவள் கணவன் நவநீதன் சாயப்பட்டறையில் ஷேடு மாஸ்டர். வாடிக்கையாளர் கொடுத்த துண்டுத் துணியையும் பட்டறையில் தோய்த்த துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே நிறம்தானா என்று கண்ணால் பார்த்துச் சொல்கிற வேலை. அதற்கு மெஷின் வந்து வெகுகாலமாயிற்று. ஆனாலும் மெஷின் சரி என்று சொன்னதை நவநீதன் இல்லை என்று திருப்பி அனுப்பினால், பட்டறை முதலாளி மெஷினை நம்ப மாட்டார். அப்படிப்பட்ட கண். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் அவள் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். பெண் பார்க்க வந்த அன்று, அவள் கட்டியிருந்த புடவையின் முந்தானையும் உடலும் வேறு வேறு தொட்டியில் தோய்த்தவை என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அசடு வழிந்தவன் அவன்.

அந்த நவநீதன் ஒரு லோடு சிவப்புத் துணியைச் சரி என்று அனுப்ப, அது அப்படியே திரும்பி வந்தது. முதலாளி கொஞ்சம் சத்தம் போட்டார். அடுத்த லோடும் திரும்பியது. தூக்கம் பத்தவில்லை, டியூப்லைட் சரியில்லை என்று என்னென்னவோ காரணம் சொன்னான். சாப்பிட உட்கார்ந்தபோது மேலே எரிந்த விளக்குக்குக் கையால் மறைப்புக் கட்டிக்கொண்டே சாப்பிட்டான். சம்யுக்தா அந்தக் கையையே பார்த்தாள். எலிகளுக்குக் கை இல்லை, இருந்திருந்தால் அவையும் இப்படித்தான் மறைத்திருக்கும் என்று தோன்றியதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நிறந்தின்னிக்கு அந்த ஊரில் அவனைவிட நல்ல இருப்பிடம் கிடைத்திருக்காது. நாள் முழுக்கச் சாயத் தூளில் நிற்கிற ஆள். ஆய்வகத்துச் சுற்றுச்சுவருக்குப் பின்னால் இருக்கிற காலனியில் வீடு.

அவன் கண்ணோரத்துக் கசிவைப் பஞ்சில் எடுத்தாள். ஆய்வகத்து மெஷினில் வைத்து அதன் மரபணுவைப் படித்தாள். மனிதன் உருவாக்கிய ஒவ்வொரு உயிரிக்குள்ளும் இன்னாருக்குச் சொந்தம் என்று ஒரு முத்திரையை எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். கிடைத்த பாக்டீரியாவில் அரும்பகத்தின் முத்திரை அழகாக இருந்தது.

உயிரிப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் புகார் அனுப்பினாள். புகார் கொடுப்பவர் பெயர் காக்கப்படும் என்று ஆணையத்தின் இணையப் பக்கத்தில் தாமரைப் படம் போட்டு எழுதியிருந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். வெளியே போனது அரும்பகத்துடையதுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சம்யுக்தா முத்திரை படித்த முடிவை எடுத்து நீட்டினாள். சான்று இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது என்று அவளுக்குப் பள்ளியிலிருந்து ஆராய்ச்சிப் பட்டம்வரை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விஞ்ஞானி அல்லாத எவரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

அதிகாரி நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்தது போலீஸ்.

வக்கீல் செங்கோட்டுவேல் குற்றப்பத்திரிகையை இரண்டு தடவை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பெரிய கம்பெனிகளை எதிர்த்து வழக்காடித் தோற்றுத் தோற்றே பெயர் வாங்கியவர் அவர்.

"மேடம், நீங்க சான்று இல்லாம போயிருந்தா புகார்தாரர். சான்றோட போனீங்க பாருங்க, அங்கதான் குற்றவாளி ஆயிட்டீங்க. அடுத்தவங்க முத்திரையை அனுமதியில்லாம படிக்கறது குற்றம். அது மொதல் கேஸ்."

"படிக்காம எப்படிங்க நிரூபிக்கறது?"

"கம்பெனிகிட்ட அனுமதி கேட்டுப் படிக்கோணும்."

"கம்பெனி குடுக்குமாங்க?"

"அந்தக் கேள்விக்குச் சட்டத்துல எடமில்லீங்க." அவர் காகிதத்தைத் திருப்பினார். "ரெண்டாவது கேஸ்தான் பெருசு. முத்திரை போட்ட உயிரி லைசென்ஸ் எடத்தை விட்டு வெளிய இருந்தா அது திருட்டுச் சொத்து. எந்தக் கலத்துல, எந்தப் பாத்திரத்துல இருந்தாலும்னு எழுதியிருக்குது. மனுச உடம்பும் ஒரு கலந்தான்னு தீர்ப்பே வந்திருச்சு. நீங்க உள்ள வேலை செஞ்சவங்க, உங்க வீட்டுக்காரர் கண்ணுல சொத்து இருக்குது. நீங்க திருடுனீங்க, அவர் வாங்கி வெச்சிருக்கறார். அவ்வளவுதான் அவங்க வாதம்."

புகார் கொடுப்பவரைக் காக்கும் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்டாள். குற்றம் செய்து கிடைத்த தகவலை அது காக்காது என்றார். இதையெல்லாம் எழுதியவர்கள் முட்டாள்கள் அல்ல என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

நவநீதன் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேலை போய்விட்டது. இப்போதெல்லாம் எதிரே இருப்பவர் முகம் ஒரு மங்கலான வட்டமாகத்தான் தெரிகிறது என்று முந்தின நாள் சொல்லியிருந்தான். நிறந்தின்னியைக் கொல்லும் சொட்டு மருந்து ஒன்று இருந்தது. அதையும் அரும்பகம்தான் வைத்திருந்தது. அதிலும் அவர்கள் முத்திரை. விடாமல் பல வாரம் ஊற்றினால் கண் தேறும், தின்றது போக மிச்சமாவது நிற்கும். கசிவே நடக்கவில்லை என்று சொல்லும் கம்பெனி, கசிவுக்கு மருந்து மட்டும் கொடுக்குமா?

செங்கோட்டுவேல் தொண்டையைக் கனைத்தார். ஒரு வழி இருக்கிறது, சொல்லவே நாக்கூசுகிறது என்றார். திருட்டுப்போன உயிரியைச் சொந்தக்காரரே தன் செலவில் மீட்டு அழிக்க வேண்டும், இல்லையென்றால் லைசென்ஸ் போய்விடும் என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு. சம்யுக்தா திருட்டை ஒப்புக்கொண்டால் நவநீதன் கண்ணிலிருந்து சொத்தை மீட்டே ஆக வேண்டும். மீட்பதென்றால் சொட்டு மருந்து ஊற்றுவதுதான்.

"ஆனா கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்லோணும். கசிவு எதுவும் நடக்கல, நாந்தான் எடுத்துட்டு வந்தேன்னு. அப்பறம் கசிவுன்னு வாயே தொறக்க முடியாது."

அவள் உடனே சரி என்றாள். நவநீதன்தான் தடுத்தான். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்:

"வேண்டாம் அம்மிணி. காலனில எத்தனை பேரு கண்ணைக் கசக்கிட்டுத் திரியறாங்கன்னு எனக்குக் கேக்குது. நீ பொய் சொன்னா அவங்களுக்கு நாதியில்ல."

"நான் நெசத்தைச் சொன்னப்ப மட்டும் யாருக்குங்க நாதி கெடச்சுது?"

சொன்னது அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அவன் கண் அவளுக்குப் பெரிதாக இருந்தது. மறுநாள் கோர்ட்டில் நின்று, தான் ஒரு திருடி என்று தெளிவான குரலில் சொன்னாள். ஜாமீன் கிடைத்தது. பத்திரிகைகள் அவள் படத்தைப் பெரிதாகப் போட்டன. கூடப் படித்தவர்கள் போனை எடுக்காமல் ஆனார்கள்.

சொத்தை மீட்க முகமூடி போட்ட இருவர் வேனில் வந்தார்கள். ஒருவர் சொட்டு ஊற்றினார், மற்றவர் வீடியோ எடுத்தார். வாரம் தவறாமல் வந்தார்கள். சில வாரம் கழித்து நவநீதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அவளைப் பார்த்தான். மூக்குத்தி பளபளக்கிறது என்றான். அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அந்த வேனைக் காலனியே பார்த்துக்கொண்டுதானே இருந்தது. முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா. சம்யுக்தா வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் நாலு தப்படியைச் சுவரைப் பிடித்துக்கொண்டே கடந்து வந்தார். சம்யுக்தா திட்டு வாங்கத் தயாராக நின்றாள். அவர் திட்டவில்லை.

"அம்மிணி, என்ற பேரையும் சேத்திக்கோ."

"எதுலக்கா?"

"திருடுனதுலதான். நீ எடுத்துட்டு வந்தே, எனக்கும் கொஞ்சம் குடுத்தே. நான் வாங்கி ஒளிச்சு வெச்சேன். அப்படி எழுதிக் குடு. ஜெயிலுக்குப் போறதுன்னாலும் கண்ணோட போறேன்."

செங்கோட்டுவேல் முதலில் சிரித்தார். பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டியவர் சிரிப்பை நிறுத்தினார். நடக்கும் என்றார். திருடியே வாக்குமூலம் கொடுத்தால் போதும், முத்திரையைப் படித்துப் பார்க்கும் அவசியம்கூட இல்லை. பாப்பாத்தியக்கா கூட்டுக் குற்றவாளி ஆனார். வேன் அவர் வீட்டு வாசலிலும் நின்றது.

அதன்பிறகு சம்யுக்தா வீட்டு வாசலில் தினமும் கூட்டம். தறிக்குப் போகிறவர்கள், கோழிப்பண்ணையில் வேலை பார்ப்பவர்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் என்று எல்லோரும் தங்களைத் திருடர்கள் என்று எழுதச் சொல்லிக் கெஞ்சினார்கள். மாமியாரைச் சேர்த்துவிட்டு மருமகளை விட்டது ஏன் என்று ஒரு வீட்டில் சண்டையே வந்தது. போலீஸ் ஸ்டேஷனில் எப்ஐஆர் நகலை வாங்கியவர்கள் அதை ரேஷன் கார்டு மாதிரிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். ரைட்டருக்கே கண் கூச ஆரம்பித்திருந்தது. தன்னையும் ஒரு ஓரமாகச் சேர்த்துவிட முடியுமா என்று அவர் சம்யுக்தாவிடம் ரகசியமாகக் கேட்டார்.

சம்யுக்தா ஒவ்வொருவரையும் காட்டிக்கொடுத்தாள். ஒவ்வொரு பெயரைச் சொல்லும்போதும் அவள் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. தன் பொய்க்கு இப்படியொரு பரிகாரம் கிடைக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. முழு ஊரும் திருடியது என்று ஆகிவிட்டால், முழு ஊரும் பிழைக்கும். ஜெயில் என்ன பெரிய ஜெயில், இத்தனை பேருக்கு எங்கே இடம் என்று காலனியில் கேலி பேசிக்கொண்டார்கள்.

செங்கோட்டுவேல் மட்டும் கேலியில் சேரவில்லை. "ஒரு கேஸ்ல இத்தனை திருடங்க இருக்கப்படாதுங்க மேடம்," என்றார். "அவங்களும் வக்கீல் வெச்சிருக்கறாங்க."

விசாரணை நாளன்று கோர்ட் வளாகத்தில் கால் வைக்க இடமில்லை. கறுப்புக் கண்ணாடிகளாகவே தெரிந்தது. அரும்பகத்தின் இயக்குநர் சுதர்சனம் நேரில் வந்திருந்தார். வராந்தாவில் சம்யுக்தாவைப் பார்த்ததும் அருகில் வந்து நலம் விசாரித்தார். அவளைப் போன்ற திறமைசாலியை இழந்தது தனக்கு இன்னும் வருத்தம்தான் என்றார். சொன்னவிதத்தில் பொய் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

"உங்க மேல எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லம்மா," என்றார். "இன்னிக்கு எல்லாம் முடிஞ்சிரும்."

முடிந்துதான் போனது. நீதிபதி வந்து உட்கார்ந்ததும் அரும்பகத்தின் வக்கீல் எழுந்து ஒரு மனுவைப் படித்தார். ஏழை எளிய மக்கள் இத்தனை பேர் சிறை செல்வதைக் காண நிறுவனத்துக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே வழக்கைத் திரும்பப் பெறுகிறது. அதோடு, வெளியே இருக்கும் நிறந்தின்னியின் மீது தனக்குள்ள உரிமை முழுவதையும் இன்றோடு கைவிடுகிறது. நீதிபதி அந்தப் பெருந்தன்மையை நாலு வார்த்தை பாராட்டிவிட்டு, சம்யுக்தா உட்பட அனைவரையும் விடுதலை செய்தார்.

கூட்டம் கைதட்டியது. யாரோ வாசலில் வெடிகூட வெடித்தார்கள். பாப்பாத்தியக்கா அவள் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார். சம்யுக்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு செங்கோட்டுவேலிடம் போனாள். அவர் கேஸ் கட்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாளைக்கு வேன் வரோணுமுங்க," என்றாள். "இவருக்கு இன்னும் பாதிகூட முடியல. பாதில நிறுத்துனா முன்னைவிட வேகமாத் திங்கும்."

"வராதுங்க மேடம்."

"கசிவுன்னு திரும்பப் புகார் குடுக்கறேன்."

"கசிவு இல்லேன்னு நீங்களே சத்தியம் பண்ணியிருக்கறீங்க. இப்ப மாத்திச் சொன்னா பொய்ச்சத்தியத்துக்கு உங்க ஒருத்தர் மேலதான் கேஸு. அதுல மருந்து கெடைக்காது."

"அப்ப நான் இன்னொருக்காத் திருடறேன். எதைத் திருடோணும், சொல்லுங்க. நெசமாவே திருடறேன்."

அவர் பையின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். அவர் கண்ணோரமும் சிவந்து கசிந்துகொண்டிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"திருடறதுக்கு இனி ஒண்ணுமில்லீங்க. அது இப்ப யாருக்கும் சொந்தமில்லாத பொருள். மழைத்தண்ணி, தூசி மாதிரி. யாரு வேணும்னாலும் வெச்சுக்கலாம். அதை எடுத்துட்டுப் போற பொறுப்பு யாருக்கும் இல்ல."

வராந்தாவில் நவநீதன் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். யாரோ அவன் கையில் லட்டைத் திணித்திருந்தார்கள். அவள் வந்து கையைப் பிடித்ததும் முகம் மலர்ந்து அவளுக்குப் பாதி லட்டைக் கொடுத்தான்.

"உன்னை விட்டுட்டாங்களாமே," என்றான். "நான் பயந்துட்டே இருந்தேன். எனக்கு இது போதும் அம்மிணி." பிறகு அவள் பக்கம் முகத்தைக் கொண்டுவந்து, மூக்குத்தி இருக்கும் இடத்தைக் கண்ணைச் சுருக்கித் தேடினான். "இன்னிக்கு என்னமோ வெளிச்சம் ஜாஸ்தியா இருக்குது. நாளைக்கு வேன் வந்தா சொட்டு கொஞ்சம் கூட ஊத்தச் சொல்லோணும். காத்தால எத்தனை மணிக்கு வராங்க?"

அவள் லட்டை வாயில் போட்டுக்கொண்டாள். மென்று முடிக்கும்வரை பேச வேண்டியதில்லை.